அடுத்த பகுதி எப்போது வரும்: குறுங்காணொளித் தொடர்களும் காத்திருப்பும்

2015 செப்டம்பரில் நார்வேயின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஆர்கே, ஒரு தொடரை ஓசைப்படாமல் தன் இணையதளத்தில் ஏற்றத் தொடங்கியது. சுவரொட்டி ஒட்டவில்லை, நடிகர்கள் பேட்டி கொடுக்கவில்லை. தொடரின் பெயர் 'ஸ்காம்'. வெட்கம் என்று பொருள். ஓஸ்லோவின் ஹார்ட்விக் நிஸ்ஸன் மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளின் கதை. காதல், பொறாமை, தோழிகளுக்குள் சண்டை என்று பார்த்தால் கதையில் பெரிய புதுமை ஏதும் இல்லை. அது வந்து சேர்ந்த விதம்தான் புதிது.

ஒரு காட்சி கதைப்படி திங்கள்கிழமை காலை இடைவேளையில் நடக்கிறது என்றால், தளத்திலும் அது திங்கள்கிழமை காலை இடைவேளையில்தான் ஏறும். வெள்ளிக்கிழமை இரவு விருந்து என்றால் வெள்ளிக்கிழமை இரவு. காட்சி தொடங்கும்போது பெரிய மஞ்சள் எழுத்துகளில் கிழமையும் மணியும் திரையை நிறைக்கும். பார்ப்பவரின் கைபேசியிலும் அதே கிழமை, அதே மணி. சில காட்சிகள் ஓரிரு நிமிடம், சில அதைவிட நீளம். நடுநடுவே பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிய செய்திகளின் ஸ்கிரீன்ஷாட்டுகள் தளத்தில் தோன்றும். பாத்திரங்களின் பெயரில் இன்ஸ்டாகிராம் கணக்குகளும் இருந்தன. கதையில் இரண்டு பேர் சண்டை போட்டால், அன்று மாலை ஒருவரின் கணக்கில் மற்றவர் இல்லாத ஒரு படம் வரக்கூடும். அடுத்த காட்சி எப்போது என்று எவருக்கும் சொல்லப்படவில்லை. வாரம் முழுக்க வந்த துண்டுகளை வெள்ளிக்கிழமை ஒன்றாகச் சேர்த்து ஒரு எபிசோடாக வெளியிட்டார்கள். அப்படிச் சேர்ந்தது ஒரு வாரம் கால் மணி நேரம் ஓடும், இன்னொரு வாரம் முக்கால் மணி நேரம் ஓடும்.

சமூக ஊடகங்களில் துண்டு துண்டாகச் சொல்லப்படும் கதைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் நீளத்தைத்தான் அளக்கிறார்கள். ஒரு நிமிடத்தில் என்ன கதை சொல்லிவிட முடியும், இளைஞர்களின் கவனம் சிதறிவிட்டதா என்றெல்லாம் கேட்கிறார்கள். ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவே கிடக்கும் நேரத்தை அளந்து பார்த்தால் இன்னும் நிறையத் தெரியவரும் என்று நினைக்கிறேன். அந்த நேரம் யார் கையில் இருக்கிறது, அதைக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே இந்தக் கதைகளின் குணம் மாறுகிறது.

அச்சிலும் அப்படித்தான் இருந்தது. 1836இல் பாரிஸின் 'லா பிரெஸ்' நாளிதழ் பால்சாக்கின் நாவலைப் பகுதி பகுதியாக வெளியிட்டது. அதே ஆண்டில் லண்டனில் டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' மாதாந்திரச் சிறு வெளியீடாக வரத் தொடங்கியது. நம்மிடம் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாராவாரம் வந்தது. அந்தப் பக்கங்களைக் கிழித்தெடுத்து, ஓவியங்களோடு சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்த வீடுகள் ஏராளம். பைண்டில் படித்த அடுத்த தலைமுறைக்குக் கதை முழுதாகக் கிடைத்தது. ஆனால் வந்தியத்தேவனை ஆபத்தில் விட்டுவிட்டு ஒரு வாரம் சமையலும் அலுவலகமுமாகக் கழித்த அனுபவம் கிடைக்கவில்லை. அச்சகமும் தபாலும் ரயிலும் சேர்ந்து அந்த ஒரு வாரத்தை நிர்ணயித்திருந்தன. அது எழுத்தாளர், வாசகர் இருவருக்குமே பொதுவான விதியாக இருந்தது. கைபேசியில் அப்படி ஒரு விதி கிடையாது. இடைவெளி எவ்வளவு என்பதை யாராவது உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது.

'ஸ்காம்' தொடரில் அந்த முடிவை எடுத்தவர் யூலி ஆண்டெம். என்ஆர்கேயில் சிறுவர்களுக்கான இணையத் தொடர்களில் வேலை செய்து பழகியவர். பதின்வயதுப் பெண்கள் தங்கள் நிகழ்ச்சிகளைப் பார்ப்பதில்லை என்பது நிறுவனத்தின் கவலை. அவரும் குழுவினரும் நாடெங்கும் போய் அந்த வயதினரிடம் நீண்ட பேட்டிகள் எடுத்தார்கள். என்ன பார்க்கிறீர்கள் என்பதோடு நிற்காமல், என்ன அழுத்தத்தைச் சுமக்கிறீர்கள், யாரிடம் சொல்ல முடியவில்லை என்றும் கேட்டார்கள். பதினாறு வயதுப் பெண்ணை மனத்தில் வைத்து எழுதுவது, அவளுடைய சுமையைக் கொஞ்சமாவது இறக்கிவைப்பது என்பதே இலக்கு. விளம்பரம் வேண்டாம் என்று முடிவெடுத்ததும் இதன் தொடர்ச்சிதான். பெற்றோர் பரிந்துரைக்கும் தொடரை அந்த வயதுப் பிள்ளைகள் தொடமாட்டார்கள். அவர்களே கண்டுபிடித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள்.

ஒவ்வொரு சீசனும் ஒருவரின் பார்வையில் மட்டுமே நகரும். முதலில் எவா, பிறகு நூரா, இசாக், கடைசியில் சானா. அவர்கள் இருக்கும் இடத்தை விட்டுக் கேமரா விலகுவதில்லை. அவர்களுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. இந்தக் கட்டுப்பாடும் நிஜ நேர வெளியீடும் சேரும்போது என்ன நடந்தது என்பதற்கு இரண்டாம் சீசன் நல்ல சாட்சி. நூரா அனுப்பிய செய்திக்கு, அவள் விரும்பும் வில்லியம் பதில் தரவில்லை. வழக்கமான தொலைக்காட்சித் தொடரில் இது அரை நிமிடக் காட்சி: அவள் கைபேசியைப் பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள், மூன்று நாள் கழித்து என்று அடுத்த காட்சி வந்துவிடும். இங்கே அந்த நாள்கள் நிஜமாகவே கழிந்தன. பார்வையாளர்களும் நூராவைப் போலவே கைபேசியை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'வில்லியம் பதில் சொல்லியாக வேண்டும்' என்ற ஹேஷ்டேக் நார்வேயில் பரவியது. பதிவு செய்யப்பட்ட காட்சி எதுவும் இல்லாத நேரத்தில் கதை தன் உச்சத்தில் இருந்தது. இதுவரை நான் பார்த்த இணையக் கதைசொல்லலில் இதைவிட நேர்த்தியான உத்தி எனக்குத் தெரியவில்லை.

2016 இலையுதிர் காலத்தில் வந்த மூன்றாம் சீசனில் இசாக் என்ற பையனுக்கு ஈவன் என்ற பையன் மீது காதல் வருகிறது. அதோடு தொடர் நார்வே எல்லையைத் தாண்டியது. காட்சி ஏறிய சில மணி நேரத்திலேயே ரசிகர்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து கூகுள் டிரைவில் பகிர்ந்தார்கள். அங்கிருந்து வேறு பல மொழிகளுக்குப் போனது. குளிர்காலத்தில் ஓஸ்லோவுக்கும் நமக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அங்கே இரவு 9 மணி என்றால் சென்னையில் அதிகாலை 1:30. உலகின் பல மூலைகளில் இளைஞர்கள் ஒரு சிறிய நாட்டின் பள்ளி நேர அட்டவணைக்குத் தங்கள் தூக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். 2017 ஜனவரியில் என்ஆர்கே, இசை உரிமைச் சிக்கலைக் காரணம் காட்டி வெளிநாட்டுப் பார்வையாளர்களுக்குத் தளத்தை அடைத்தது. நார்வேக்கு மட்டும் என்று உரிமம் வாங்கிய பாடல்களை வைத்து எடுத்த தொடர் அது. ரசிகர்கள் எப்படியோ தொடர்ந்து பார்த்தார்கள். நான்காவது சீசன் சானா என்ற முஸ்லிம் பெண்ணுடையது. அதன் கடைசி வாரங்கள் 2017 ரமலான் நோன்பு நாள்களோடு சேர்ந்தே ஓடின. ஜூன் 24ஆம் தேதி தொடர் முடிந்தது.

'ஸ்காம்' ஒன்றும் வெற்றிடத்தில் பிறக்கவில்லை. 2006 ஜூனில், யூடியூப் தொடங்கி ஓராண்டு கடந்திருந்தபோது, 'லோன்லிகேர்ள்15' என்ற கணக்கில் பிரீ என்ற பதினாறு வயதுப் பெண் தன் படுக்கையறையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். வீட்டிலேயே படிப்பு, கண்டிப்பான மதப் பெற்றோர், டேனியல் என்ற நண்பன். அவளுக்குப் பின்னால் சுவரில் இருந்த படம் அலெஸ்டர் குரோலி என்ற மாந்திரீகருடையது என்று பார்வையாளர்கள் கண்டுபிடித்தார்கள். வெளிச்சம் ஏன் இவ்வளவு சீராக இருக்கிறது, படத்தொகுப்பு ஏன் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று துருவினார்கள். செப்டம்பரில் உண்மை வெளியானது: அவள் ஜெசிகா ரோஸ் என்ற நடிகை, பின்னால் இருந்தவர்கள் மெஷ் ஃபிளிண்டர்ஸ், மைல்ஸ் பெக்கெட், கிரெக் குட்ஃபிரைட் என்ற மூவர். ஏமாற்றப்பட்டோம் என்ற கோபம் நியாயமானதுதான். தனிமையில் தவிக்கும் ஒரு சிறுமிக்கு ஆறுதல் எழுதியவர்கள் அந்தப் பார்வையாளர்கள். ஆனாலும் தொடர் 2008 ஆகஸ்ட் வரை ஓடியது. இரண்டு வீடியோக்களுக்கு நடுவே துப்பறிவது பலருக்குக் கதையை விடப் பிடித்துப்போயிருந்தது.

ஏமாற்று வேலை இல்லாமலும் இதைச் செய்ய முடியும் என்று 'தி லிஸி பென்னட் டயரீஸ்' காட்டியது. ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை இன்றைய அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து, 2012 ஏப்ரல் முதல் 2013 மார்ச் வரை 100 சிறு வீடியோக்களாக யூடியூபில் சொன்னார்கள் ஹாங்க் கிரீனும் பெர்னி சூவும். நாவலின் முடிவு பாதிப் பார்வையாளர்களுக்காவது தெரிந்திருக்கும். அப்படியும் காத்திருக்க வைத்தார்கள். நாயகன் டார்சியின் முகத்தையே தொடர் பாதிக்கு மேல் ஓடிய பிறகுதான் காட்டினார்கள். என்னை மிகவும் கவர்ந்தது லிடியாவுக்குக் கொடுத்த தனி சேனல். அக்கா லிஸியின் வீடியோக்களை மட்டும் பார்ப்பவருக்கு லிடியா ஒரு விளையாட்டுப் பிள்ளை, தொல்லை. இரண்டு சேனலையும் பார்ப்பவருக்கு அவள் ஏமாற்றுக்காரன் விக்கமிடம் சிக்கிக்கொண்டிருப்பது வாரங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். அக்கா தங்கையின் சேனலைத் திறந்து பார்க்கவில்லை என்பதே கதையின் குற்றமாகிறது. பல தளங்களில் கதையைப் பரப்பினால் பார்வையாளர் எண்ணிக்கை கூடும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: இங்கே இரண்டாவது தளம் ஒரு அறக் கேள்வியைச் சுமக்கிறது. 2013இல் அந்தத் தொடருக்கு எம்மி விருது கிடைத்தது.

இதே உத்தியை வரலாற்றின் மேல் பிரயோகித்தபோது சர்ச்சை வந்தது. 2019 மே மாதம் இஸ்ரேலில் யூதப் படுகொலை நினைவு நாளையொட்டி, மத்தி கொக்காவியும் அவர் மகள் மாயாவும் 'எவா ஸ்டோரீஸ்' என்ற இன்ஸ்டாகிராம் கணக்கைத் தொடங்கினார்கள். எவா ஹெய்மன் அன்றைய ஹங்கேரியின் நாட்ஜ்வாரத் நகரில் வாழ்ந்த யூதச் சிறுமி; அந்த ஊர் இன்று ருமேனியாவில் ஒராடியா என்று இருக்கிறது. 1944 பிப்ரவரி 13, தன் 13ஆவது பிறந்தநாளில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினாள். மே 30 வரை எழுதினாள். அக்டோபர் 17ஆம் தேதி அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டாள். அவள் கையில் ஒரு கைபேசி இருந்திருந்தால் என்ற கற்பனையில் அந்த நாட்குறிப்பை 70 ஸ்டோரிகளாக எடுத்து, ஒரு நாளைக்குள் அடுத்தடுத்து வெளியிட்டார்கள். எமோஜி, ஹேஷ்டேக் எல்லாம் உண்டு. துயரத்தை மலிவாக்குகிறார்கள் என்ற எதிர்ப்பு எழுந்தது. அலங்காரங்களைப் பொறுத்தவரை அந்த எதிர்ப்போடு நானும் உடன்படுகிறேன். ஆனால் எதிர்த்தவர்களில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அன்று முழுக்க எவாவின் வட்டப்படம், நண்பர்களின் வட்டப்படங்களுக்கு நடுவே திரையின் மேல் வரிசையில் நின்றது. ஒருவரின் கல்யாணச் சாப்பாட்டைப் பார்த்துவிட்டு விரலைத் தட்டினால் அடுத்து அவள். முடிவு எல்லோருக்கும் தெரியும். நேரம் மட்டும் நகர்கிறது. பாடப்புத்தகத்தால் தர முடியாத அச்சம் அது.

இவை எல்லாவற்றிலும் கதை சொல்பவருக்கு வரிசை மீது பிடி இருந்தது. டிக்டாக் பாணி ஃபீட் வந்ததும் அந்தப் பிடி போனது. யாரைப் பின்தொடர்கிறோம் என்பதைவிட எதை நிறுத்திப் பார்க்கிறோம் என்பதை வைத்து அல்காரிதம் அடுத்ததைக் கொண்டுவந்து போடுகிறது. அதனால் பார்ட் 4 முதலில் வரும், பார்ட் 1 வராமலே போகும். 'முந்தின பார்ட் எங்கே', 'அடுத்த பார்ட் போடுங்க' என்று கமெண்ட் பகுதி கேள்விகளால் நிரம்பும். இந்தியாவில் 2020 ஜூன் 29ஆம் தேதி டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இங்கே வந்தன. செயலி மாறினாலும் ஃபீடின் குணம் மாறவில்லை. தமிழில் ரீல்ஸ் எடுப்பவர்கள் மாமியார் மருமகள், பக்கத்து வீட்டு அக்கா, ஆபீஸ் மேனேஜர் என்று நிலையான பாத்திரங்களைப் பிடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. எங்கிருந்து நுழைந்தாலும் ஆள் யார் என்று உடனே புரிய வேண்டும். கதை முன்னே போகாது. ஆட்கள் அதே இடத்தில் இருப்பார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தெருக்கூத்தில் நடு இரவில் வந்து உட்காருபவருக்கும் கட்டியங்காரன் கதையைச் சொல்லிவிடுவான் அல்லவா?

வரிசையைத் திரும்பப் பிடித்தது சீனா. ஆனால் பிடித்தது கதைக்காரர்கள் என்று சொல்ல முடியாது. அங்கே துவான்ஜு என்று அழைக்கப்படும் குறுந்தொடர்கள், கைபேசியைச் செங்குத்தாகப் பிடித்துப் பார்ப்பதற்காக எடுக்கப்படுபவை. ஒரு பகுதி ஒன்று அல்லது இரண்டு நிமிடம். ஒரு தொடருக்கு 60 முதல் 100 பகுதிகள். மொத்தமாகச் சேர்த்தால் ஒரு திரைப்பட நீளம். ஒரு வாரம், பத்து நாளில் படப்பிடிப்பை முடித்துவிடுவார்கள். ஜெஜியாங் மாகாணத்தின் ஹெங்டியன் ஸ்டுடியோ நகரம் ஒரு காலத்தில் சரித்திரப் படங்களுக்குப் பேர்போனது. இன்று அங்கே இந்தக் குறுந்தொடர்க் குழுக்கள் நிறைந்திருக்கின்றன. கதைகள் பெரும்பாலும் இணைய நாவல்களிலிருந்து வருபவை. அவமானப்படுத்தப்பட்ட மருமகன் உண்மையில் கோடீஸ்வரன், விவாகரத்து செய்யப்பட்ட மனைவி உண்மையில் பெரிய நிறுவனத்தின் வாரிசு, செத்துப் பிழைத்துப் பழிவாங்க வந்த பெண்.

இதன் பணப் பாதையைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் தொடரின் ஒரு துண்டு விளம்பரமாக உங்கள் ஃபீடில் வரும். ஒருத்தியை எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைவார்கள், அவள் நிமிர்ந்து பார்ப்பாள், அங்கே வெட்டு. தொட்டால் செயலிக்குள் போவீர்கள். முதல் பத்துப் பகுதிகள் வரை இலவசம். அவள் யார் என்பது அந்த வீட்டாருக்குத் தெரியவரப்போகும் நொடியில் பூட்டு விழும். திறக்க நாணயம் வாங்க வேண்டும். ஒவ்வொரு பகுதியாகத் திறந்துகொண்டே போனால், முடிவதற்குள் ஒரு சினிமா டிக்கெட்டைவிட அதிகம் செலவாகியிருக்கும். அந்தப் பணத்தின் பெரும்பங்கு மறுபடி விளம்பரம் வாங்கவே போகிறது. எடுத்தவருக்கும் நடித்தவருக்கும் கிடைப்பது சிறு பங்கு. எங்கே பூட்டுப் போட்டால் அதிகம் பேர் காசு கட்டுகிறார்கள் என்ற கணக்கைப் பார்த்துத் திரைக்கதை எழுதப்படுகிறது. 'ஸ்காம்' தொடரில் பதில் வராத நாள்கள் பாத்திரத்தின் துயரத்திலிருந்து வந்தன. இங்கே இடைவெளிக்கும் பாத்திரத்துக்கும் தொடர்பே இல்லை. அடுத்த பகுதி ஏற்கெனவே எடுத்துத் தயாராக இருக்கிறது. காத்திருக்கத் தேவையே இல்லாத இடத்தில் காத்திருப்பை உண்டாக்கி, அதிலிருந்து விடுதலையை விற்கிறார்கள்.

விற்பனை எவ்வளவு என்றால், 2024இல் சீனாவில் இந்தச் சந்தை 5,000 கோடி யுவானைத் தாண்டியதாக அத்துறையின் அறிக்கைகள் சொல்கின்றன. அதே ஆண்டு அந்நாட்டின் திரையரங்க வசூல் சுமார் 4,250 கோடி யுவான். அரசும் சும்மா இருக்கவில்லை. 2022 நவம்பர் முதல் 2023 பிப்ரவரி வரை நடந்த நடவடிக்கையில் 25,300 தொடர்கள் நீக்கப்பட்டன. 2024 ஜூன் முதல் பதிவு செய்யாமல் வெளியிட முடியாது. அதே ஆண்டு நவம்பரில், அதிகாரத் தோரணை கொண்ட கோடீஸ்வர முதலாளிக் கதைகளைக் குறைத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தல் வந்தது. கதையில் என்ன இருக்கலாம் என்பதில்தான் அரசின் கண் அதிகம். கலிஃபோர்னியாவிலிருந்து இயங்கும் ரீல்ஷார்ட் போன்ற செயலிகள் அதே பூட்டை அமெரிக்காவுக்குக் கொண்டுபோயின. இந்திய மொழிகளிலும் இப்போது குகு டிவி போன்றவை வந்துவிட்டன.

வடிவத்தைக் குற்றம் சொல்லிவிட முடியாது. 2023 ஆகஸ்ட் கடைசியில் அதே சீனாவில், இரண்டு இளம் வீடியோ படைப்பாளிகள் 'பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து தப்பித்தல்' என்று மூன்றே பகுதிகளில் ஒரு கதையை வெளியிட்டார்கள். அருங்காட்சியகத்திலிருந்து தப்பித்த ஒரு பச்சைக்கல் தேநீர்க் கூஜா, இளம்பெண் உருவில் லண்டன் தெருவில் ஒரு சீனப் பத்திரிகையாளரைச் சந்தித்து, ஊருக்குக் கூட்டிப்போகச் சொல்கிறது. அந்தக் கூஜா உண்மையில் 2011இல் செய்யப்பட்டது, கொள்ளையடிக்கப்பட்ட பொருளே இல்லை. ஆனாலும் மூன்று பகுதிகளுக்கு நடுவிலிருந்த சில நாள்களில் நாடே பேசியது. பூட்டு இல்லை, நாணயம் இல்லை.

பணம் இருந்தும் இடைவெளியைப் புரிந்துகொள்ளாதவர்களும் உண்டு. ஜெஃப்ரி காட்ஸன்பெர்க் தொடங்கிய குவிபி, 175 கோடி டாலர் திரட்டி, 2020 ஏப்ரலில் பத்து நிமிடத்துக்குள் முடியும் தொடர்களோடு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மூடப்பட்டது. கொரோனா காலம் என்று காரணம் சொன்னார்கள். ஆனால் தொடங்கியபோது அதில் ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தோழிக்கு அனுப்பக்கூட முடியாது. இரண்டு பகுதிகளுக்கு நடுவே மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள் என்பதற்கு அந்த வடிவமைப்பில் இடமே இல்லை.

'ஸ்காம்' தொடரை ஃபிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்பெயின், பெல்ஜியம், அமெரிக்கா ஆகிய நாடுகள் 2018 முதல் மறுபடி எடுத்தன. ஒரே கதையை ஏழு முறை எடுப்பது வீண் வேலை போலத் தெரியலாம். வசனத்துக்கு சப்டைட்டில் போடலாம். ஆனால் திங்கள்கிழமை காலை இடைவேளைக்குப் போட முடியாது. பெர்லின் பிள்ளைக்கு பெர்லின் பள்ளியின் விடுமுறையும் தேர்வும்தான் கதையின் கடிகாரமாக இருக்க முடியும். டெக்சாஸில் எடுத்த அமெரிக்க வடிவம் ஃபேஸ்புக் வாட்சில் இரண்டு சீசனோடு நின்றது. பொது ஒளிபரப்பின் பணத்தில் ஓடிய ஃபிரெஞ்சு, ஜெர்மன் வடிவங்கள் மூலத்தின் நான்கு கதைகளை முடித்துவிட்டு, புதிய பாத்திரங்களோடு சொந்தக் கதைகளாக வளர்ந்தன. காத்திருக்கும் பார்வையாளரிடம் அந்த நொடியே காசு வாங்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு இல்லை.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் முடிகிறது. முடிவு மே மாதத்தில் வருகிறது. நடுவில் லட்சக்கணக்கான பிள்ளைகள் ஒரே காத்திருப்பில் இருக்கிறார்கள்: கோச்சிங் வகுப்பு, சொந்த ஊர், கட்ஆஃப் கணக்கு, காதலைச் சொல்லலாமா வேண்டாமா. அந்த வாரங்களோடு நாள் நாளாக நடக்கும் ஒரு தொடரை எழுதவும் நடிக்கவும் தெரிந்த இளைஞர்கள் இப்போதே ரீல்ஸில் இருக்கிறார்கள். அவர்களில் பத்துப் பேருக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுத்து, முதல் ஆறு மாதம் ஊர் ஊராகப் போய் அந்தப் பிள்ளைகளிடம் பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்ப ஒரு நிறுவனம் வேண்டும்.